நிற்குமிடமும் நிழற்படமும்

மூணாற்றிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் மலைச்சாலை, மாட்டுப்பட்டி, குண்டளை ஆகிய நீர்த்தேக்கங்களைக் கடந்து, டாப் ஸ்டேஷன் என்னும் இடத்தை அடைகிறது. அங்கே மலை சட்டென்று செங்குத்தாய்ச் சரிகிறது. மேகம் விலகியிருக்கும் நாளில், காலடியில் போடிநாயக்கனூர்ச் சமவெளி விரிந்து கிடப்பதைக் காணலாம். அவ்விடம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது; ஆயினும் சாலைவழி வருபவர் கேரளத்தின் வழியாகவே அங்கு வந்து சேர வேண்டும். இதற்கு நேர்மாறானது பரம்பிக்குளம். அது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் காடு. ஆனால் அங்கே செல்லும் சாலையோ தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியாகப் போகிறது.

எல்லைப்புறத்தில் வாழ்வோருக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஒரே மலையை இரண்டு பக்கமிருந்தும் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். கிழக்கிலிருந்து பார்த்தால் அது வானை மறைக்கும் சுவர். மேற்கிலிருந்து பார்த்தால் தேயிலை விளையும் பசுமையான சரிவு. மலை மாறவில்லை, பார்ப்பவன் நிற்குமிடம் மாறியிருக்கிறது. புகைப்படக் கலையின் முதற்பாடமும் இதுதான். அந்தப் பாடத்தை நம் நாடும் நம் மலைகளும் எவ்வாறு கற்றன, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

காமிரா வாங்கும் ஒருவர் முதலில் விசாரிப்பது லென்ஸைப் பற்றியே. நல்ல லென்ஸ் வேண்டியதுதான். ஆயினும் ஒரு படத்தில் அருகிலுள்ள பொருளும் தொலைவிலுள்ள பொருளும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தோன்றும் என்பதை முடிவு செய்வது லென்ஸ் அன்று. காமிரா இருக்கும் இடமே. லென்ஸை மாற்றினால் காட்சியின் பரப்பு குறுகும் அல்லது விரியும். இரண்டடி முன்னே நகர்ந்தாலோ, மண்டியிட்டாலோ, திண்ணைமேல் ஏறினாலோ காட்சியின் அமைப்பே மாறிவிடும். பாலக்காட்டுக்குத் தெற்கே நெல்லியாம்பதி மலையில் சீதார்குண்டு என்னும் விளிம்பில் நின்று பார்த்தால், கொல்லங்கோட்டு வயல்கள் சதுரங்கக் கட்டங்கள் போலத் தோன்றும்; ஒரு பனைமரம் ஊசிமுனை அளவுகூட இராது. கீழே இறங்கி வந்து வயல் வரப்பில் குனிந்து நின்றால், அதே பனை மலையின் தலைக்குமேல் எழுந்து நிற்கும். மேலிருந்து எடுக்கும் படம் ஒழுங்கையும் பரப்பையும் காட்டும். கீழிருந்து எடுக்கும் படம் உயரத்தையும் பெருமையையும் காட்டும். கண்மட்டத்தில் எடுக்கும் படம் எதிரில் உள்ளதை நமக்குச் சமமாக நிறுத்தும். இவற்றுள் எதுவும் பொய்யன்று. எதுவும் முழு உண்மையுமன்று.

இந்த உண்மையை உலகம் உணரத் தொடங்கிய காலத்தைத் தேடிச் சென்றால், 1858-ஆம் ஆண்டு நம் கண்முன் நிற்கிறது. அவ்வாண்டில் பிரான்சு நாட்டில் நாதார் என்னும் புகைப்படக்காரர் பலூனில் ஏறி வானிலிருந்து பூமியைப் படமெடுத்தார். அப்படம் இன்று இல்லை. அதே ஆண்டில் நம் தஞ்சையிலும் மதுரையிலும் மற்றொருவர் வேறொரு வகையில் காமிராவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் காப்டனாக இருந்த அவரைச் சென்னை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களை அவர் படம்பிடித்தார்.

அக்காலத்துக் காமிரா சட்டைப் பையில் அடங்கும் கருவியன்று. மூன்று கால்களின்மேல் நிற்கும் பெரிய மரப்பெட்டி. டிரைப் பயன்படுத்திய மெழுகு தடவிய காகிதத் தகடு ஒன்று ஓரடிக்கு மேல் நீளமுடையது. அதில் ஒளி பதிய நெடுநேரம் ஆகும். ஆகவே, ஓரிடத்தில் காமிராவை ஊன்றுவதற்கு முன் நூறுமுறை யோசிக்க வேண்டும். இன்று நாம் நூறு படம் எடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கிறோம். அன்று யோசித்து முடித்த பிறகே ஒரு படம்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. அவற்றை ஒரே படத்தில் அடக்க வேண்டுமானால் விலகி நிற்க வேண்டும். விலகி நின்றால் எழுத்து தெரியாது. எழுத்துத் தெரிய வேண்டுமானால் நெருங்க வேண்டும். நெருங்கினால் சுவரின் ஒரு துண்டே கிடைக்கும். டிரைப் கண்ட வழி எளிது, ஆனால் அதற்கு முன் நம் நாட்டில் எவரும் அந்த அளவில் செய்து பாராதது. சுவரை ஒட்டியே காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அடுத்தடுத்துப் படமெடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கோயிலை வலம் வரும் பக்தன் சுவரை எவ்வாறு காண்பானோ அவ்வாறே அந்தச் சுருளும் காட்டுகிறது. ஓரிடத்தில் நின்று பார்ப்பதே காமிராவின் இயல்பு என்றிருந்த காலத்தில், நடந்துகொண்டே பார்க்கும் பார்வையை அதற்குக் கற்பித்தார் எனலாம். இக்கல்வெட்டுகளின் பாடங்களை ஹுல்ட்ஸ் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891-ஆம் ஆண்டில்; படமோ அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் முந்தியது.

டிரைப்பின் படங்களில் ஒரு குறையும் உண்டு. மதுரை மண்டபங்களும் மாளிகையும் அவற்றில் அழியாமல் நிற்கின்றன. மனிதர்களைக் காண்பதுதான் அரிது. அசைபவர் எவரும் அந்தத் தகட்டில் பதியார் என்பது ஒரு காரணம். கட்டடங்களைப் பதிவு செய்வதே அவருக்கு இடப்பட்ட பணி என்பது மற்றொன்று. 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், இது ஆடம்பரச் செலவு என்று கருதி அப்பணியையே நிறுத்திவிட்டார்.

மதுரையில் டிரைப் எடுத்த படங்களுள் வைகையாற்றின் படமும் ஒன்று. அவர் கண்ட வைகைக்கும் இன்றைய வைகைக்கும் இடையே ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்திருக்கிறது. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாற்று அணை, மேற்கு நோக்கி ஓடிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பியது. பென்னிகுயிக்கின் பெயரைத் தேனி, மதுரை மாவட்டத்து உழவர்கள் இன்றளவும் நன்றியோடு சொல்கிறார்கள். அணைக்குப் பின்னால் இடுக்கி மாவட்டத்துத் தேக்கடிக் காட்டில் ஓர் ஏரி உண்டாயிற்று. நீரில் மூழ்கிய மரங்களின் பட்டுப்போன தண்டுகள் நூற்றாண்டு கடந்தும் அதில் நிற்கின்றன. இந்த ஏரிக்கரையும் இதைப் போன்ற காடுகளுமே நம் வரலாற்றின் அடுத்த அத்தியாயத்துக்குக் களமாயின.

அதற்கிடையில் உலகில் காமிரா இளைத்துவிட்டது. 1925-இல் லைக்கா என்னும் சிறிய காமிரா கடைக்கு வந்தது. கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கலாம், எங்கும் ஏறலாம், எங்கும் படுக்கலாம். 1929-இல் ரோலிஃபிளெக்ஸ் வந்தது. அதை வயிற்றருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுக்க வேண்டும். பெரும்பாலோர் எல்லாவற்றையும் தொப்புள் மட்டத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று 1928-இல் எழுதிக் கண்டித்தார் ரஷியக் கலைஞர் அலெக்சாந்தர் ரோத்செங்கோ. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பாருங்கள், பழகிய பொருள் புதிதாய்த் தோன்றும் என்பது அவர் வாதம். பைன் மரங்களை அடியிலிருந்து அண்ணாந்து அவர் எடுத்த படங்களைப் பழித்தவர்களும் உண்டு, பின்பற்றியவர்களும் உண்டு.

பரம்பிக்குளத்தில் கன்னிமாரத் தேக்கு என்று ஒரு முதுமரம் இருக்கிறது. அதன் அடிமரத்தின் சுற்றளவு 6 மீட்டருக்கு மேல். அங்கே செல்வோர் பலரும் ரோத்செங்கோவின் பெயரைக் கேட்டறியாமலே அவர் சொன்னபடி அண்ணாந்து ஒரு படம் எடுக்கிறார்கள். வானை நோக்கி ஓடி மறையும் ஒரு தூண் கிடைக்கும். உயரம் விளங்கும், பருமன் விளங்காது. விலகி நின்று எடுத்தாலோ, சுற்றியுள்ள மரங்களுள் அதுவும் ஒரு மரமாகிவிடும். நாலைந்து பேர் கைகோத்து அடிமரத்தைத் தழுவி நிற்க, அவர்கள் கண்மட்டத்திலிருந்து எடுத்த படமே அதன் அளவை உண்மையில் உணர்த்துகிறது. மரத்தை அளக்க மனிதன் வேண்டியிருக்கிறான். விந்தையான கோணம் என்பது வேறு, பொருத்தமான கோணம் என்பது வேறு என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பொருத்தமான கோணத்தைத் தேடி வாழ்நாளைக் கழித்த தமிழர் ஒருவரை இங்கு நினைவுகூர வேண்டும். அவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே ஆக்கிக்கொண்ட காமிராவைத் தூக்கிக்கொண்டு முதுமலை, பெரியாறு முதலிய காடுகளில் யானைகளைத் தேடி அலைந்தார்.

கிருஷ்ணனின் சிறப்பு, அவர் காமிராவை எங்கே கொண்டுசென்றார் என்பதில் இருக்கிறது. நடந்தும் சென்றார், பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்தும் சென்றார். இதன் நயத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தரையில் நிற்பவனின் கண்ணை ஆளுயரப் புல்லும் புதரும் மறைத்துவிடும். யானைமேல் இருப்பவனோ புல்லுக்கு மேலே, காட்டு யானையின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒப்பான உயரத்தில் இருக்கிறான். யானையின் மணத்தோடு மனிதன் மணமும் கலந்துவிடுவதால் விலங்குகள் அவ்வளவாக மிரளுவதில்லை. வேட்டைக்காரர்களும் யானைமேல் சென்றவர்கள்தாம். ஆயினும் அவர்கள் அந்த உயரத்தைக் குறி வைப்பதற்குப் பயன்படுத்தினார்கள், இவர் காண்பதற்குப் பயன்படுத்தினார். கொன்ற புலியின்மேல் காலை வைத்துத் துப்பாக்கியோடு நிற்கும் பழைய படங்களை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே மனிதன் மேலே, விலங்கு கீழே. கிருஷ்ணனின் படத்தில் மனிதன் இல்லை. விலங்கு தன் காட்டில், தன் அளவில் இருக்கிறது. நிற்குமிடத்தை மாற்றியதால் உறவே மாறிவிட்டது.

விலங்குக்குக் கிடைத்த இந்த நியாயம் நம் மலைகளில் உழைத்த மனிதருக்குக் கிடைத்ததா? இதுவே நான் இவ்வளவு தூரம் சுற்றிவந்து கேட்க விரும்பிய கேள்வி.

மூணாற்றில் நல்லதண்ணித் தோட்டத்திலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய புகைப்படங்கள் பல இருக்கின்றன. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் மாடுகள் இழுத்த வண்டித் தொடர் ஓடியது; 1908-இல் அது சிறிய இரயில்பாதையாக மாறியது. அது டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைக் கொண்டு சேர்க்க, அங்கிருந்து கம்பிவடத்தில் அவை மலையடிவாரத்துக்கு இறங்கின. 1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பேய்மழை அந்த இரயில்பாதையை அழித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள். அந்தக் காலத்து வாழ்வைப் பழைய படங்களால்தான் நாம் கண்ணால் காண முடிகிறது. அவற்றைக் காத்து வைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆயினும் பழைய தோட்டப் படங்களைப் பார்க்கும்போது ஒன்று புலப்படும். அவற்றுள் பல மேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. சரிவு, வரிசை வரிசையான தேயிலைச் செடி, அதனூடே புள்ளி புள்ளியாய்த் தொழிலாளர். காமிரா எந்த உயரத்தில் நின்றதோ, அது மேற்பார்வையாளர் நின்ற உயரம். மேற்பார்வை என்ற சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் மலையேறி வந்த குடும்பங்கள் அந்தப் படங்களில் நிலக்காட்சியின் ஒரு பகுதியாகவே நின்றன.

என் வீட்டில் இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டும் என் தாயைப் பெற்ற பாட்டியின் படங்கள். முதற்படம், தோட்டத்தைக் காண வந்த யாரோ ஒருவர் சாலைமேல் நின்று எடுத்தது. கொழுந்து பறிக்கும் பத்துப் பன்னிரண்டு பெண்களின் முதுகும் கூடையும் அதில் தெரிகின்றன. இடமிருந்து நான்காவது உருவம் பாட்டி என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மா சொல்லாவிடில் எனக்குத் தெரிந்திராது. இரண்டாவது படம், என் தாய்மாமன் இரவல் காமிராவில் எடுத்தது. லயத்தின் வாசற்படியில் பாட்டி அமர்ந்திருக்கிறாள். எதிரில் தரையில் குந்தியிருந்து மாமன் எடுத்திருக்கிறார். கூரையின் விளிம்பு சாய்ந்திருக்கிறது, வெளிச்சமும் போதவில்லை. ஆனால் பாட்டி என்னைப் பார்க்கிறாள். கறை படிந்த விரல்நுனிகள்கூடத் தெரிகின்றன. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். ஒரே செய்தியை எவர் வாயிலிருந்து சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பொருள் எப்படி மாறும் என்பது எனக்கு அன்றாட அனுபவம். எனினும் அந்தப் பாடத்தை முதலில் எனக்குக் கற்பித்தவை இந்த இரண்டு படங்களே.

அண்மைக் காலத்திலும் இரண்டு நிகழ்ச்சிகள் இதை நாட்டுக்கு நினைவூட்டின. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் போனஸ் கோரிப் போராட்டம் நடத்தினார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்து, தாங்களே சாலையில் அமர்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயர் அப்போது எழுந்தது. செய்தியாளர்கள் அந்தப் பெண்களின் அருகே சென்று, அவர்கள் முகத்துக்கு நேரே நின்று படமெடுத்தார்கள். தோட்டப் படங்களில் புள்ளிகளாக நின்றவர்களின் முகங்களை அன்று இந்தியா கண்டது. அவர்கள் கேட்ட இருபது விழுக்காடும் கிடைத்தது.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் மாண்டன. மாண்டவர்களில் மிகப் பலர் தமிழர். வானில் பறக்கும் சிறு பொறிகள் எடுத்த படங்கள் மறுநாள்களில் வெளியாயின. பச்சை மலையில் செந்நிறமாய் நீண்ட ஒரு கீறல். நேர்ந்தது எவ்வளவு பெரிது என்பதை அந்த உயரத்திலிருந்து மட்டுமே காட்ட முடியும்; மீட்புப் பணிக்கும் அப்படம் தேவை. ஆனால் அங்கே வீடு இருந்தது, வாசற்படி இருந்தது, அதில் அமர்ந்து பள்ளிப்பாடம் படித்த குழந்தை இருந்தது என்பதைக் கீழே சேற்றில் நின்று எடுத்த படங்களே சொல்லின. மேலிருந்து பார்த்தால் விபத்து. கீழிருந்து பார்த்தால் குடும்பம். இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் வரலாறு ஊனமாகும்.

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நாம் ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் செல்கிறோம். நம் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசியோடு காமிராவும் இருக்கிறது. டிரைப் மரப்பெட்டியில் வைத்துச் சுமந்த வசதியைவிடப் பன்மடங்கு வசதி அதில் உண்டு. அவர் நூறுமுறை யோசித்தார் என்றேன். நாம் இரண்டு முறையாவது யோசிக்கலாம். மலைவிளிம்பில் நின்று பள்ளத்தாக்கை எடுங்கள், அது அழகுதான். பிறகு இறங்கி வாருங்கள். குழந்தையை எடுக்கும்போது குழந்தையின் உயரத்துக்குக் குனியுங்கள். வேலை செய்பவரை எடுக்குமுன் அவரிடம் ஒரு சொல் கேட்டு, அவர் இருக்குமிடத்துக்குச் செல்லுங்கள். முதியவர் அமர்ந்திருந்தால் நீங்களும் அமருங்கள். படத்தின் பின்புறத்தில், அல்லது அதற்கான குறிப்பில், பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து, எங்கோ தொலைவில் பிறந்து வளர்ந்த ஒரு பேரப்பிள்ளை அந்தப் படத்தைக் கையில் எடுக்கும். இடமிருந்து நான்காவது உருவம் யார் என்று எவரிடமும் கேட்க வேண்டிய நிலை அப்பிள்ளைக்கு வரலாகாது.